ஒரு பெயர் குறைகிறது

சிவகாமசுந்தரி அக்கா அந்தக் காகிதக் கட்டைத் தந்தி ஆபீஸில் என் மேசைமேல் வைத்தபோது மணி ஒன்றரை இருக்கும். முப்பத்திரண்டு தாள்கள், தாளுக்கு இருபது பெயர்கள், ஆக மொத்தம் அறுநூற்று நாற்பது பேர். வாக்காளர் பட்டியலில் விட்டுப்போனவர்கள், தவறாக நீக்கப்பட்டவர்கள், யாரோ ஆட்சேபணை கொடுத்து விசாரணைக்கு அலைந்து ஒருவழியாக ஜெயித்தவர்கள். கடைசி விசாரணை அன்று காலைதான் முடிந்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் கோலாலம்பூரில் அச்சுக்குப் போனால் இவர்கள் பெயர் புத்தகத்தில் ஏறும். இல்லாவிட்டால் சுதந்திரம் வந்தபிறகு நடக்கப்போகிற முதல் பொதுத்தேர்தலை இவர்கள் வீட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். தபாலில் போட்டால் மறுநாள்தான் போகும். டெலிபிரிண்டரில் அனுப்பு என்று யாரோ பெரிய மனிதர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். அதை அடிக்கப் போகிறவள் நான்.

"கமலா, இதுல எங்க வீட்டுக்காரரு பேரும் இருக்கு. பாத்து அனுப்பும்மா" என்றாள் அக்கா.

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக் கதை எனக்கு அத்துப்படி. அவள் கணவர் பொன்னுதுரை தெங்கேராவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில், கல்யாணமாகிச் சில நாட்களிலேயே, அவரைத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு முழங்கால் மடங்காத மனிதராகத் திரும்பி வந்தார். அதற்குள் தோட்டத்துக் கணக்கில் அவர் இறந்தவர் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தார். அந்தத் தாளை ஒருவர் பார்த்து இன்னொருவர் எழுதி, அதைப் பார்த்து வேறொருவர் எழுதி, பொன்னுதுரை வாக்காளராகப் பதியப் போனபோது 'ஆள் இல்லை' என்று ஆட்சேபணை வந்தது. எதிரில் வந்து நிற்கிற மனிதரிடம் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்று தடவை விசாரணைக்குப் போனார். மூன்று தடவையும் கடையைச் சாத்திவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சாட்சிக்கு இரண்டு ஆட்களோடு போனார். மூன்றாவது தடவைதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது.

அக்கா வாக்காளர் பதிவு அலுவலகத்தில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. அவளுடைய அப்பா தோட்டத்துக் கிராணி என்பதால் டவுனில் கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்திருந்தாள். கையெழுத்து அச்சுப் போலிருக்கும். அந்த முப்பத்திரண்டு தாள்களையும் எழுதி, சரிபார்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இவ்வளவு கெட்டிக்காரியிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அந்தக் காலத்தில் பல பெண்கள் சொல்லமாட்டார்கள்தான். ஆனால் டவுனில் வேலைக்குப் போகிறவள், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவள், அவள்கூடவா? ரொட்டிக்காரன் கேட்டால் 'சைக்கிள் கடை வீடு' என்பாள். எங்காவது பெயரைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் தாளில் எழுதி விரலால் தொட்டுக் காட்டுவாள். பார்த்தவர்கள் புரிந்துகொண்டு அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

நான் சும்மா இருப்பேனா? "எனக்குக் கல்யாணம் ஆனா அவரை ஆபீஸ் பெல் அடிக்கிற மாதிரி பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்று சீண்டுவேன். மற்றவர்களைப் போல 'ஆயுசு குறையும்' என்று அவள் பதில் சொன்னதில்லை. சிரிக்கவும் மாட்டாள். பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

டெலிபிரிண்டரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சாவியை அடித்தால் எழுத்து வராது, ஒரு காகித நாடாவில் துளைகள் விழும். அந்த நாடாவை அனுப்பும் இயந்திரத்தில் மாட்டினால் அது துளைகளைத் தடவிப் படித்துக்கொண்டே கம்பிவழி அனுப்பும். அங்கே கோலாலம்பூரில் எழுத்தாக விழும். இரண்டு வருஷப் பழக்கத்தில் துளைகளைப் பார்த்தே என்னால் படிக்க முடியும். நீளமான பட்டியல் என்றால் ஒருவர் படிக்க ஒருவர் அடிப்பதுதான் எங்கள் வழக்கம். கண் தாளுக்கும் சாவிக்கும் தாவினால் வேகம் போய்விடும். படிக்கிறவர் தாளின் முடிவு வந்ததும் மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டவேண்டும். நான் தாள் முடிந்ததற்கான குறியை அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவேன். அக்கா முன்பே இரண்டு தடவை எனக்குப் படித்திருக்கிறாள். எங்களுக்குள் ஒரு தாளம் இருந்தது.

மேலதிகாரி அப்பாசாமி படையாச்சி கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எங்கள் காஜா பெராங்கில் பல தலைமுறையாக இருக்கிற, மலாய் பேசும் செட்டி சமூகத்தவர். நெற்றியில் திருநீறு, பெயர் சுத்தத் தமிழ்ப்பெயர், வாயைத் திறந்தால் மலாய். எங்கள் பேச்சில் பத்து வார்த்தை அவருக்குப் புரிந்தால் அதிகம். "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவசரப்படுத்தினார். அவர் சொல்லாவிட்டாலும் அன்று எங்களுக்கு நிற்க நேரமில்லை.

அக்கா படித்தாள். ஹசான் பின் மாட், தகப்பன் பெயர், அடையாள அட்டை எண், ஊர். லிம் ஆ கியோங், தகப்பன் பெயர், அட்டை எண், ஊர். முனியம்மா, தகப்பன் பெயர், அட்டை எண், ஊர். காதில் விழுவது விரலுக்கு நேரே போய்விடும், நடுவில் மனசு என்று ஒன்றுக்கு வேலையே இல்லை. ஐம்பது பெயருக்கு அப்புறம் அவர்கள் மனிதர்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நாடா ஒருபக்கம் நீண்டு கூடையில் விழ, மறுபக்கம் அதை மாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தோம். மூன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அக்கா குரலை உயர்த்திப் படித்தாள். அந்த நேரத்தில் ஒரு தட்டு கொஞ்சம் சீக்கிரமே வந்ததுபோல் இருந்தது. கை அசதியில் நேரம் போனது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தாள் முடிவுக் குறியை அடித்தேன். அக்கா ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

நாலு மணிக்குக் கம்பி செத்தது. தம்பின் ஊர்ப் பக்கம் கம்பிமேல் மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். நாடா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் வாங்க ஆளில்லை. இருபது நிமிஷம் கழித்து உயிர் வந்ததும் கோலாலம்பூரில் பட்டியலை வாங்கிக்கொண்டிருந்த தேவதாஸ், தனக்குக் கடைசியாக ஒழுங்காக வந்த பெயரை அனுப்பிக் காட்டினார். நான் கூடையிலிருந்து நாடாவை உருவி, துளைகளைத் தடவி அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்ததிலிருந்து மீண்டும் மாட்டினேன். முதலிலிருந்து அனுப்ப நேரம் ஏது? விட்ட இடத்தைப் பிடிப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். ஐந்து இருபதுக்குக் கடைசிப் பெயர் போனது. நான் நாற்காலியில் சாய்ந்து விரல்களை நெட்டி முறித்தேன். அப்பாசாமி கோப்பி வரவழைத்தார்.

கோப்பி ஆறுவதற்குள் தொலைபேசி அடித்தது. கம்பி மறுபடி போய்விட்டது, அதனால் டிரங்க் காலில் பேசுகிறேன் என்றார் தேவதாஸ்.

"கமலவேணி, உங்க கணக்கு அறுநூத்தி நாப்பது. இங்க எண்ணினா அறுநூத்தி முப்பத்தொம்பதுதான் இருக்கு. ரெண்டு தடவ எண்ணிட்டோம். மொத்தம் ஒத்துவராம கையெழுத்துப் போடமாட்டேன்னு தேர்தல் ஆபீசர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. அச்சுக்காரங்க ஆறு மணிக்குக் கிளம்பிடுவாங்க."

நாடாவை மறுபடி மாட்டிய இடத்தில்தான் ஒரு பெயர் விழுந்திருக்கும், தவறு என் கையில்தான் என்று நிச்சயம் செய்துவிட்டேன். கூடையைத் தரையில் கவிழ்த்து அந்த இடத்தைத் தேடினேன். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, எல்லாம் சரியாக இருந்தன. மீதி நாடா பாம்புக் குவியலாகக் கிடந்தது. அதை முழுக்கத் தடவிப் படிக்க ஒரு மணி நேரம் வேண்டும். இருந்ததோ முப்பது நிமிஷம்.

அப்பாசாமி தரையில் கிடந்த நாடாவைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சத்து ஓராங் ஹிலாங்" என்றார். ஒரு ஆளைக் காணோம் என்று அர்த்தம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அதைக் கேட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. லைனில் காத்திருந்த தேவதாஸிடம், "பேரை எண்ண வேணாம், தாளை எண்ணுங்க" என்றேன். அவர் எண்ணினார். முப்பத்திரண்டு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று முடிவுக் குறிகள் இருந்தன. ஒரு தாள் கூடுதல், ஒரு பெயர் குறைவு. எந்தத் தாளில் இருபது இல்லை என்று கேட்டேன். இருபத்து மூன்றாவதில் ஆறுதான் இருக்கிறது, அதற்கு அடுத்ததில் பதின்மூன்று என்றார். ஆறும் பதின்மூன்றும் பத்தொன்பது. நான் காகிதக் கட்டிலிருந்து இருபத்து மூன்றாம் தாளை உருவி ஏழாவது வரியைப் பார்த்தேன்.

வேறு யார் பெயராக இருக்கும்?

அக்கா அந்த வரியையே படிக்கவில்லை. வழக்கம்போல விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் மேசைமேல் இருந்த தாளில் பட்ட சத்தம் எனக்குத் தாள் முடிந்ததற்கான தட்டாகக் கேட்டது. நான் குறியை அடித்தேன். சாவி ஓடிய சத்தம் கேட்டு, பெயரைத்தான் அடிக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எத்தனையோ பேர் பெயர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த அந்த மத்தியானத்தில் அந்த ஒருவர் பெயர் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. யார் மேல் குற்றம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"நாநூத்தி நாப்பத்தேழு விட்டுப்போச்சு, எழுதிக்கிடுங்க" என்று நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். தேவதாஸ் குறுக்கிட்டார்.

"நீங்க சொல்லக்கூடாதாம். போன்ல யார் வேணா யார் பேரை வேணா சேக்கலாமேன்னு கேக்குறாரு. பட்டியல்ல கையெழுத்துப் போட்டவங்கதான் சொல்லணுமாம். அவங்க அங்க இருக்காங்களா?"

தேர்தல் காரியம். ஆபீசர் கேட்டதில் தப்பில்லை. நான் தொலைபேசியை அக்காவிடம் நீட்டினேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

தன் பெயரைச் சொன்னாள். வேலையைச் சொன்னாள். வரிசை எண் நானூற்று நாற்பத்தேழு என்றாள். தகப்பன் பெயர் இராமலிங்கம். அட்டை எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை சொன்னாள். காஜா பெராங், வீட்டு எண், தொழில் சைக்கிள் கடை. எல்லாவற்றையும் தாளைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். மறுமுனையில் தேவதாஸ் கத்துவது எனக்கே கேட்டது. "பேரு? ஆளோட பேரு?"

"அந்த நம்பர்ல ஒரே ஆளுதான் சார் இருக்காரு. நம்பரை வச்சு எழுதிக்க முடியாதுங்களா?"

முடியாது என்று அவர் சொல்லியிருக்கவேண்டும். அக்கா பேசும் குழலைக் கையால் மூடிக்கொண்டாள். கடிகாரத்தில் ஆறுக்கு எட்டு நிமிஷம். அப்பாசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பா பாசால்?" என்று, என்ன காரணம் என்று, என்னைக் கேட்டார். நான் என்னவென்று மலாயில் விளக்குவது?

"சொல்லிடுங்கக்கா" என்றேன். "ஒரே ஒரு தடவைதான."

"ஒரு தடவதான் சொன்னேன்" என்றாள் அவள். மழைச் சத்தத்தில் அவள் பக்கத்தில் போய்க் கேட்கவேண்டியிருந்தது. "கல்யாணமாகி பதினஞ்சாம் நாளு. ஜப்பான்காரன் கிராணி ஒருத்தன் நோட்டைத் தூக்கிட்டு தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு வந்தான். எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க ஒண்ணும் சொல்லல. எனக்கு இங்கிலீஷ் தெரியும்ல, பெரிய படிப்பாளில்ல. யாரு இந்த வீட்டு ஆம்பளைன்னு கேட்டான். டக்குனு பேரைச் சொன்னேன். எழுதிக்கிட்டான். மறுநாள் விடியக்காலைல லாரி வந்துச்சு."

எத்தனை தடவை அவளைச் சீண்டியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தொலைபேசியில் பெண்குரல்தானே, யார் பேசினால் என்ன, நான் சிவகாமசுந்தரியாகிவிடுகிறேன் என்று முடிவு செய்து குழலைப் பிடித்து இழுத்தேன். அது தப்பு, வேலையே போய்விடும் என்று தெரிந்துதான் இழுத்தேன். அவள் விடவில்லை. எலும்பு தெரிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வேணாம் கமலா. அன்னைக்குக் கேட்டவன் கொண்டுபோறதுக்குக் கேட்டான். இவங்க அதுக்கா கேக்குறாங்க?" என்றாள்.

கையை எடுத்துவிட்டுக் குழலில் அந்தப் பெயரைச் சொன்னாள். எனக்கே கேட்காத குரல். தேவதாஸுக்கு எங்கே கேட்கப் போகிறது? கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னாள். மழை கொட்டுகொட்டென்று கொட்டியது. இன்னும் உரக்க என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து நரம்பு புடைத்தது.

"பொன்னுதுரை!" என்று கத்தினாள். "பொன்னுதுரை! இராமலிங்கம் மகன் பொன்னுதுரை!"

முன்பக்கத்துக் கவுண்டரில் தந்தி கொடுக்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாசாமி திருநீறு அழிய நெற்றியைத் துடைத்தார். மறுமுனையில் தேவதாஸ் பெயரைத் திரும்பச் சொல்லி, "சரிதானா?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினாள், தொலைபேசிக்குத் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. நான் எட்டி, "சரி, சரி" என்று கத்தினேன்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு திறந்தது. பொன்னுதுரை அண்ணன் நின்றிருந்தார். தினமும் கடையை மூடிவிட்டு அக்காவைக் கூட்டிப்போக வருவார், வெளியே நடைபாதையில் சைக்கிளோடு நிற்பார், உள்ளே வந்ததே இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் கிரீஸ். மடங்காத காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இங்கதான இருக்கேன்" என்றார். "எதுக்கு இப்படிக் கூப்பிடுற?"

அக்கா கையில் இருந்த குழலிலிருந்து தேவதாஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அறுநூத்தி நாப்பது. ஒத்துப்போச்சு. கையெழுத்துப் போட்டுட்டாரு. ஹலோ? ஹலோ?" நான் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தேன்.

மழை விட்டபாடில்லை. இருந்தாலும் அக்காவும் அண்ணனும் கிளம்பினார்கள். அவள் அவர் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை, கல்யாணப்பெண் மாதிரி குனிந்த தலையோடு போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எப்போதும்போல சைக்கிளை நாலடி தள்ளிக்கொண்டு போய், நல்ல காலை வீசி ஏறினார்; அந்த ஒரு காலால்தான் மிதிப்பார். அக்கா பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, குடையை அவர் தலைக்குமேல் எட்டிப் பிடித்தாள்.

பத்து கஜம் போயிருப்பார்கள். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. மூட்டை ஏற்றுகிற சாதாரண லாரிதான், விளக்கைப் போட்டுக்கொண்டு, பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. அக்கா குடையை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் அவர் சட்டையின் முதுகுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தாள். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. லாரி அவர்கள்மேல் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுத் தெங்கேரா பக்கம் திரும்பிப் போய்விட்டது. குடை நடுரோட்டில் மல்லாந்து மழையை வாங்கிக்கொண்டு கிடந்தது. நான் ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு, "அக்கா, குடை!" என்று கூப்பிட்டேன். கேட்டதோ என்னவோ, அவள் திரும்பவில்லை. சாலை முனையில் சைக்கிள் வளைந்து மறைகிறவரை அந்த இரண்டு கைகளும் அவர் சட்டையை விடவே இல்லை.